குரல் கம்மினால் கேட்க வேண்டிய கேள்வி

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னைப் பேசச் சொன்னபோது, "உன் தொழிலைப் பத்திப் பேசுப்பா. இரும்பு உருக்கறது, வார்க்கறதுன்னு ஏதாவது" என்றார்கள். "இல்லீங்க, நான் தொண்டையைப் பத்திப் பேசறேன்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் பதிலே இல்லை. மெக்கானிக்கல் படித்தவன், கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் குப்பை கொட்டுகிறவன், தொண்டையைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று அவர்கள் யோசித்திருக்கலாம். நியாயம்தான்.

நான் டாக்டர் இல்லை. இந்த உரையில் மருத்துவம் என்று வருவதெல்லாம் டாக்டர்களிடம் கேட்டும், பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவை. ஆனாலும் இதைப் பேச எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. ஒன்று, என் குரலே ஒரு முறை போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது தகுதியைப் பின்னால் சொல்கிறேன். அது பெருமைப்படக்கூடிய தகுதி இல்லை.

2022 ஆகஸ்டில் இதே மண்டபத்தில் நாம் கூடியது நினைவிருக்கும். 2009-ல் வெளியே போன எங்கள் செட்டில் அதிகமாகச் சத்தம் போடுகிறவன் நான்தான் என்பது அன்றைய ஹாஸ்டல் வார்டனுக்கே தெரியும். அப்படிப்பட்டவன் அன்றைக்குப் பேசியது, பழைய டிரான்சிஸ்டரில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத மாதிரி இருந்தது. நண்பர்கள் விடுவார்களா? "என்னடா, வீட்டுல கத்தி ஜெயிக்க முடியலையா?" என்று ஒருவன். "வயசுக்கு வர்றான்டா" என்று இன்னொருவன். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததும் சத்தமாக வரவில்லை.

அப்போது நமக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எடுத்த பேராசிரியர் பக்கத்தில் வந்தார். இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுத் தூக்கத்தைக் கலைத்த குரல் அவருடையது. அவர் கிண்டலும் செய்யவில்லை, கஷாயமும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை வாரமாப்பா இப்படி இருக்கு?"

எண்ணிப் பார்த்தேன். ஜூலை முதல் வாரத்தில் ஆரம்பித்தது. "ஆறு வாரம் சார்." உடனே, "மூணு வாரத்துக்கு மேல போனா இ.என்.டி. டாக்டர் உள்ளே பார்க்கணும்ப்பா. திங்கட்கிழமையே போ" என்றார். அவர் துணைவியார் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர், இதே வழியில் நடந்து பார்த்தவர். அதனால் சாருக்குத் தெரிந்திருந்தது.

நண்பர்களே, நான் இன்று சொல்லப் போகும் அத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். இருந்தாலும் எஞ்சினியர் கூட்டம் இல்லையா, மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் ரிப்பேரைப் பற்றிப் பேசினால் நம்ப மாட்டீர்கள். அதனால் முதலில் மெஷின்.

குரல் நாண் என்றவுடன் வீணைக் கம்பி மாதிரி எதையோ நினைத்துக் கொள்கிறோம். அது கம்பி இல்லை. குரல்வளைக்குள், மூச்சுக்குழாயின் தலைவாசலில், ஆங்கில 'வி' எழுத்தைப் போல இருக்கும் இரண்டு சதை மடிப்புகள். நீளம் ஆண்களுக்கு ஏறக்குறைய 17 முதல் 21 மில்லிமீட்டர், பெண்களுக்கு 11 முதல் 15.  பேசுவது இவற்றின் உபதொழில். முதல் தொழில் காவல்: நாம் விழுங்கும்போது இறுக மூடிக்கொண்டு, சோறும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போகாமல் பார்த்துக் கொள்வது.

பேச நினைத்தால் இந்த இரண்டு மடிப்புகளும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. நுரையீரல் துருத்தி மாதிரி கீழிருந்து காற்றை அனுப்புகிறது. அந்த அழுத்தத்தில் மடிப்புகள் விலகி, மறுபடி சேர்ந்து, மறுபடி விலகி அதிர்கின்றன. ஆண் குரலில் வினாடிக்குச் சுமார் 120 தடவை, பெண் குரலில் சுமார் 200, சிறு குழந்தைகளுக்கு 300-ஐ ஒட்டி.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஆசிரியை நாள் முழுக்கப் பாடம் நடத்துகிறார். மூச்சு விட்டது, கரும்பலகையில் எழுதியது எல்லாம் கழித்து, உண்மையில் குரல் எழும்பிய நேரம் ஒரு மணி என்று வைத்துக் கொள்வோம். 3,600 வினாடியை 200-ஆல் பெருக்கினால் 7,20,000. ஒரே நாளில் ஏழு லட்சத்து இருபதாயிரம் முறை அந்த மடிப்புகள் மோதிக் கொள்கின்றன. நாம் ஒரு ஸ்பிரிங்கை இத்தனை சுற்று ஓட்டிவிட்டு ஃபெடீக் டெஸ்ட் என்று ரிப்போர்ட் எழுதுவோம். அவர் மறுநாள் காலை முதல் பீரியடுக்கு வந்து நிற்கிறார்.

குரல் தெளிவாக வர நான்கு நிபந்தனைகள் பொருந்த வேண்டும். ஒன்று, இரண்டு மடிப்புகளின் விளிம்பும் இடைவெளியில்லாமல் சேர வேண்டும். இரண்டு, மேல்தோல் மிருதுவாக, ஈரமாக, அலை மாதிரி அசைய வேண்டும். மூன்று, அவற்றை இயக்கும் நரம்பு சரியாக இருக்க வேண்டும். நான்கு, கீழிருந்து போதுமான காற்று வர வேண்டும். இந்த நான்கில் எது கெட்டாலும் வெளியே கேட்பது ஒன்றுதான்: கரகரப்பு. அதைத்தான் "தொண்டை கட்டியிருக்கு" என்கிறோம்.

இங்கேதான் நாம் ஏமாறும் இடம். ஒரு பம்ப்பின் சத்தம் மாறினால் பேரிங் போயிருக்கலாம், அலைன்மென்ட் போயிருக்கலாம், உள்ளே காற்று இழுக்கலாம். காதால் கேட்டு யூகிக்கலாம். ஆனால் திறந்து பார்க்காமலே "பேரிங்தான்" என்று எழுதிக் கொடுத்தால் மேனேஜர் விடுவாரா? தொண்டைக்கு மட்டும் அந்தச் சலுகையை நாம் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம்.

தொண்டைக்குள் எட்டிப் பார்க்கும் வழிக்குப் பெரும் பங்கு தந்தவர் டாக்டர் அல்ல, ஒரு பாட்டு வாத்தியார்! மானுவல் கார்சியா என்ற ஸ்பெயின் நாட்டு இசை ஆசிரியர். 1854-ல் பாரிஸில், பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி, தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே கண்டார். மறு ஆண்டு அது லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. 101 வயது வரை வாழ்ந்தார்.

எனக்குச் செய்ததும் அதன் வாரிசான பரிசோதனைதான். மூக்கில் மரத்துப் போகும் மருந்தைத் தெளித்து, மெல்லிய வளையும் எண்டோஸ்கோப் குழாயை உள்ளே விட்டார்கள். "ஈ சொல்லுங்க" என்றார் டாக்டர். ஐந்து நிமிட வேலை. டி.வி. திரையில் என் குரல் நாண்களை நானே பார்த்தேன். அடுத்து ஒரு மின்னும் விளக்கைப் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பம்ப் டெஸ்டிங்கில் சுழலும் ஷாஃப்ட்டை நிற்பது போலக் காட்டும் அதே ஸ்ட்ரோபோஸ்கோப்! வினாடிக்கு நூற்றுக்கு மேல் அதிர்வதை மெதுவாக அசைவது போலக் காட்டியது.

இரண்டு நாண்களிலும், எதிரெதிரே, முன்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் சின்னச் சின்ன மேடு. "இது நாடியூல். கடப்பாரை பிடிக்கிறவன் கையில் காய்ப்பு வருதே, அது மாதிரி. அடி பலமா விழற இடத்துல வந்திருக்கு. எங்க வேலை பார்க்கறீங்க?" என்றார். ஃபவுண்டரி என்றேன். "அப்புறம் என்ன!" என்று சிரித்தார்.

எங்கள் ஃபெட்லிங் செக்ஷனில் மீட்டர் வைத்தால் 98 டெசிபல் காட்டும். எதிரில் நிற்பவரிடம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60. சத்தமான இடத்தில் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். இதை 1911-ல் எழுதி வைத்தவர் எட்டியன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரம்பு என்று இருக்கிறது. அது காதுக்காகப் போட்ட வரம்பு. அதனால் காதுக்கு அடைப்பான் கொடுத்தோம். தொண்டையை யாரும் நினைக்கவில்லை.

எனக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் அனுப்பினார்கள். மூச்சை எப்படி எடுப்பது, கழுத்தை இறுக்காமல் எப்படிப் பேசுவது என்று பயிற்சி. வேலை செய்யும் இடத்தில் கத்துவதை விட்டேன். டிசம்பரில் குரல் திரும்பிவிட்டது.

இனி காரணங்களுக்கு வருகிறேன். முன்பு சொன்ன நான்கு நிபந்தனைகளின் வழியே பார்ப்போம்.

மிகச் சாதாரணமான காரணம் சளி, வைரஸ் காய்ச்சலோடு வரும் குரல்வளை வீக்கம். மடிப்புகள் வீங்கித் தடித்துவிடுகின்றன. ஒன்று இரண்டு வாரத்தில் தானே வடியும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மெடிக்கல் ஷாப்பில் "தொண்டைக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்குவது வீண். பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் எல்லாம் இதமாக இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. அது பக்கத்து வாசலான உணவுக்குழாய் வழியாகப் போகிறது. தப்பித் தவறி நாணைத் தொட்டால் புரையேறி இருமுவோம். காசநோயும் குரல்வளையில் வரும் என்பதை நம் ஊரில் மறக்கக் கூடாது.

அடுத்தது அதிக உபயோகம், தவறான உபயோகம். ஆசிரியர்கள், பாடகர்கள், பஸ் கண்டக்டர்கள், ஏலம் போடுபவர்கள், மேடைப் பேச்சாளர்கள், டிரில் மாஸ்டர்கள், கூவி விற்பவர்கள். தெருவில் நாள் முழுக்கக் கத்தி விளையாடும் சிறுவர்களுக்கும் நாடியூல் வரும். ஒரே நாள் மேட்ச் பார்த்துக் கத்தியதில்கூட ஒரு பக்க நாணில் ரத்தம் கசிந்து, பாலிப் என்ற கொப்புளம் உண்டாகலாம். குரல் போனவர்கள் கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு என்று நினைக்கிறார்கள். பலருக்கு அப்போதும் கழுத்துத் தசைகள் இறுகத்தான் செய்கின்றன. மெதுவாக, குறைவாகப் பேசுவதே நல்லது.

மூன்றாவது, மேல்தோலைக் கெடுப்பவை. முதல் குற்றவாளி புகை. பல வருடம் புகை பிடிப்பவர்களின் நாண்கள் நீர் கோத்துப் பை மாதிரி ஆகி, குரல் அடியோடு தடித்துப் போகும். வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையைச் சுடுவது இன்னொன்று. ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பவர்கள், காலையில் கரகரப்போடு எழுந்து, ஓயாமல் செருமிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு செருமலும் நாண்கள் மோதும் இன்னொரு மோதல். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலராலும் குரல் கம்மலாம், பூஞ்சை படரலாம். அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இழுத்த பிறகு வாயைக் கொப்பளியுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குரல் தடிக்கும். ஆபரேஷனுக்காகத் தொண்டையில் குழாய் போட்ட இடம் புண்ணாகிக் குரல் மாறுவதும் உண்டு.

நான்காவது நரம்பு. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இடது குரல் நாணை இயக்கும் நரம்பு மூளையிலிருந்து நேரே குரல்வளைக்கு வருவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறிவருகிறது. நம் பேட்ச் எலெக்ட்ரிகல்காரன் இப்படி ஒயரிங் செய்திருந்தால் வைவா-வில் ஃபெயில்தான்! இந்தச் சுற்று வழியால், நுரையீரலில் கட்டி, மார்பில் நெறிகட்டு, வீங்கிய இதயம், ரத்தக் குழாய் வீக்கம் இவற்றில் எது அந்த நரம்பை அழுத்தினாலும் முதலில் தெரிவது குரல் கம்மலாக இருக்கலாம். நோய் நெஞ்சில், மணி அடிப்பது தொண்டையில். தைராய்டு ஆபரேஷனின்போது நரம்பு அடிபடுவது உண்டு. பக்கவாதத்திலும் குரல் மாறும். பார்க்கின்சன் நோயில் குரல் சன்னமாக, ஏற்ற இறக்கமில்லாமல் போகும்.

கடைசியாகக் காற்று. நுரையீரல் நோயால் மூச்சு பலம் குறைந்தவர்களுக்குக் குரலும் குறைகிறது. வயதானால் மடிப்புகள் மெலிந்து நடுவில் இடைவெளி விழும். தாத்தா பாட்டி குரல் நடுங்குவதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று பாக்கி இருக்கிறது. அதுதான் என் இரண்டாவது தகுதி.

எங்கள் செக்ஷனில் ஒரு சீனியர் மேஸ்திரி. பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். எனக்கு மோல்டு பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். புத்தகத்தில் படித்துவிட்டு வந்த என்னை எத்தனையோ முறை காப்பாற்றியவர். முப்பது வருடமாகப் பீடி. சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் மது. எனக்குக் குரல் கம்மியபோது அவர் குரலும் கரகரவென்றுதான் இருந்தது. "என்னங்க சார், உங்களுக்கும் நம்ம சங்கீதம் வந்துருச்சுங்களா?" என்று சிரித்தவர் அவர்தான்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், எனக்கு என்னவோ பெரிய ஞானம் வந்த மாதிரி இருந்தது. நேரே அவரிடம் போய்ச் சொன்னேன்: "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதாங்ணா. கத்திக் கத்தி வந்தது. தண்ணி நிறையக் குடிங்க, கத்தாதீங்க, ரெண்டு மாசத்துல சரியாயிரும்." சொன்னதோடு விட்டேனா? பேச்சுப் பயிற்சியாளர் கொடுத்த தாளை ஜெராக்ஸ் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அந்த மனிதர் டீ இடைவேளையில் மணல் மேட்டு ஓரமாக நின்று, அந்தத் தாளைப் பார்த்து ஒழுங்காகப் பயிற்சி செய்தார்.

என் குரல் தெளிந்துகொண்டே வந்தது. அவர் குரல் மங்கிக்கொண்டே போனது. "உங்களுக்கு வயசு கம்மிங்க சார், சீக்கிரம் ஆறுது" என்றார். நானும் அதை நம்பினேன்.

2023 ஜனவரியில் ஒருநாள் அவர் படியேறி வரும்போது மூச்சு விசிலடித்தது. அன்றைக்குத்தான் பயந்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என் பேராசிரியர் கேட்ட அதே கேள்வி: "எத்தனை நாளா?" அண்ணன், "போன சித்திரையிலிருந்துங்க" என்றார். ஒன்பது மாதம். அதில் கடைசி ஐந்து மாதம் என் ஜெராக்ஸ் தாளோடு போன மாதங்கள்.

குரல்வளைப் புற்றுநோய். நாணைத் தாண்டிப் பரவியிருந்தது. பிப்ரவரியில் குரல்வளையை முழுதாக எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். குரல் நாணில் தொடங்கும் புற்றுநோய், நோய்களில் ஓரளவு நேர்மையானது. சிறிதாக இருக்கும்போதே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். நாணின் விளிம்பில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் சீக்கிரத்தில் வெளியே பரவாது. ஆரம்ப நிலையில் பிடித்தால், கதிர்வீச்சு மட்டுமே, அல்லது லேசர் மட்டுமே போதும். பத்தில் ஒன்பது பேர் வரை குணமாகிறார்கள், குரலும் தங்குகிறது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணி ஒன்பது மாதம் அடித்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

சக்கரவர்த்திக்கே இது நடந்திருக்கிறது. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃப்ரெடரிக்குக்கு 1887 தொடக்கத்தில் குரல் கம்மியது. அன்றைய உலகப் புகழ்பெற்ற டாக்டர்கள் புற்றுநோயா இல்லையா என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள். எடுத்துப் பார்த்த சதைத் துணுக்குகளில் புற்றுநோய் தெரியவில்லை. மாதங்கள் ஓடின. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளை போட்டார்கள். மார்ச்சில் பேச்சில்லாமலே அரியணை ஏறினார். 99 நாள் ஆண்டு, ஜூனில் இறந்தார். ஒருமுறை பார்த்து ஒன்றுமில்லை என்றாலும், குரல் தேறாவிட்டால் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அதில் நமக்குப் பாடம்.

யாருக்கு ஆபத்து அதிகம்? புகை பிடிப்பவர்களுக்கு முதலிடம். மது சேர்ந்தால் இரண்டும் கூட்டல் இல்லை, பெருக்கல் மாதிரி. நம் தொழில்காரர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், கந்தக அமிலம் போன்ற கடும் அமிலங்களின் ஆவித் துளிகளையும், ஆஸ்பெஸ்டாஸையும் குரல்வளைப் புற்றுநோய்க்குக் காரணமானவை என்று உறுதி செய்திருக்கிறது. பேட்டரி, பிக்ளிங், பிளேட்டிங் பிரிவுகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். உங்கள் எக்ஸாஸ்ட் ஒழுங்காக இழுக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

சரி, என்ன செய்வது? சளியோடு வந்த கம்மலுக்கு இரண்டு வாரம் பொறுக்கலாம். மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே பார்க்க வேண்டும். பிரிட்டனில் மக்களுக்குச் சொல்லும் கணக்கு மூன்று வாரம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் நான்கு வாரம் என்கிறது. 2009-ல் அதே சங்கம் மூன்று மாதம் என்று சொல்லியிருந்தது, குறைத்துவிட்டார்கள்.

சிலர் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மூச்சு விடச் சிரமம், மூச்சில் சத்தம், விழுங்கும்போது வலி அல்லது தடை, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, காதில் நோயில்லாமல் ஒரு பக்கக் காது வலி, கழுத்திலோ நெஞ்சிலோ ஆபரேஷன் ஆன பிறகு வந்த கம்மல், கைக்குழந்தையின் அழுகை மாறிப் போவது. இவை இருந்தால் உடனே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பணம் ஒரு சாக்காக வேண்டாம்.

எங்கள் தொழிற்சாலையிலும் சிலது மாறியிருக்கிறது. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடக் கத்துவதில்லை, விளக்கு சிக்னல். கிரேனுக்குக் கை ஜாடை. ஷிஃப்ட் தொடக்கத்தில் பேசுவது மைக்கில். வருடாந்தர மெடிக்கல் செக்கப் தாளில் ஒரு வரி சேர்க்க வைத்தேன்: "குரல் கம்மல் உண்டா? எத்தனை வாரமாக?" ஒரு வரிதான். அதைச் சேர்க்க எனக்கு ஓர் ஆளின் குரல் செலவாயிற்று.

அண்ணன் நன்றாக இருக்கிறார். கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். துளையை விரலால் மூடினால் காற்று அந்த வழியே போய்ப் பேச்சாகிறது. ஆம், ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு! 1980-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த கருவி. வெளிநாட்டு வால்வு விலை அதிகம், அவ்வப்போது மாற்றவும் வேண்டும். பெங்களூருவைச் சேர்ந்த டாக்டர் விஷால் ராவ், தொழிலதிபரான தன் நண்பருடன் சேர்ந்து, ஐம்பது ரூபாயில் ஒரு வால்வை உருவாக்கினார். வால்வு செய்வது நம் தொழில்தானே, படிக்கும் தம்பிகள் யோசியுங்கள்.

ஆபரேஷன் முடிந்து, பேச்சு வராத நாட்களில் ஒருமுறை அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தாங்ணா உங்களைக் கெடுத்துட்டேன்" என்றேன். அவர் நோட்டை எடுத்து எழுதினார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. "எனக்கு உள்ளுக்குள்ள பயம் இருந்துச்சுங்க சார். நீங்க சொன்னது அந்தப் பயத்துக்கு வசதியா இருந்துச்சு. நான் போகாததுக்கு நீங்க சாக்கு, அவ்வளவுதான்."

அவர் பெருந்தன்மையாக எழுதினார். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: என் தொண்டையைப் பார்த்துச் சொன்ன முடிவை அவர் தொண்டைக்கு எழுதிக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. பயப்படுகிற மனிதருக்கு நம் அனுபவம் தைரியம் தருவது போலத் தோன்றும். உண்மையில் அது அவருக்கு நேரத்தை இழக்கவே வழி செய்கிறது. யாருக்காவது குரல் கம்மியிருந்தால் காரணத்தை நாம் சொல்ல வேண்டாம், வாரத்தை மட்டும் கேட்போம்.

இந்த விழாவுக்குக் கிளம்பும் முன் அண்ணனிடம், "உங்க கதையைச் சொல்லலாமுங்களா?" என்று கேட்டேன். கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "பேரு வேண்டாமுங்க. கதையைச் சொல்லுங்க. முடிச்சதும், பக்கத்துல உக்காந்திருக்கறவங்க குரலை ஒருக்காக் கேக்கச் சொல்லுங்க."

அதனால், சாப்பாட்டுக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். பல வருடம் கழித்துப் பார்க்கிற நண்பனின் குரல் மாறியிருந்தால் கிண்டல் செய்யுங்கள், பரவாயில்லை. அதற்கப்புறம், "எத்தனை வாரமாடா?" என்று கேட்டுவிடுங்கள்.